சொல்லிவிட்டோம் என்றார்கள்

கோபம் தானாக ஆறிவிடும் என்று எனக்குப் பலரும் சொன்னார்கள். எனக்கு ஆறவில்லை. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன், பழைய விஷயங்களை மனசில் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள் என்று டாக்டர் சொல்கிறார். ஆனால் அந்தத் தகரக்கூரை அலுவலகத்தையும் அங்கே சுழல்நாற்காலியில் உட்கார்ந்திருந்த அந்த மனிதரையும் நினைத்தால் மாத்திரை எதற்கும் உதவுவதில்லை. யார் மேல் கோபம், எதற்காகக் கோபம் என்று ஒருமுறை ஒழுங்காக எழுதிவிடுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். தில்லியில் கடற்படை சம்பந்தப்பட்ட ஓர் அலுவலகத்தில் நான் ஸ்டெனோ. உலக யுத்த காலத்தில் அவசரமாகக் கட்டி, பிறகு இடிக்க மறந்துபோன நீளமான கொட்டகைகளில் ஒன்று அது. கோடையில் கூலரின் இரைச்சலில் டிக்டேஷன் காதில் விழாது. குளிர்காலத்தில் விரல் விறைத்து பென்சில் நிற்காது. நான் பிறந்து வளர்ந்ததே தில்லி. கரோல் பாக்கில் ஒரு மாடி அறையில் அப்பா வாடகைக்கு இருந்தார், அவரும் சர்க்கார் குமாஸ்தா. எனக்கு வேலை கிடைத்து, கல்யாணமாகி, லக்ஷ்மிபாய் நகரில் என் பேரிலேயே ஒரு குவார்ட்டர்ஸும் கிடைத்தது. வேலையையும் வீட்டையும் விட்டுவிட்டுக் கணவரோடு போக முடியாது. போனாலும் அவரோடு இருக்க முடியாது. அவர் நீர்மூழ்கிக் கப்பலில் ரேடியோ ஆள். கப்பலின் துறைமுகம் விசாகப்பட்டினம். பாதி நாள் அவர் அங்கேயும் இருக்கமாட்டார், தண்ணீருக்கு அடியில் இருப்பார்.

அதனால் என்னோடு இருந்தது அவருடைய அம்மா. திருநெல்வேலிப் பக்கம். கணவனை இழந்தவர், அவருக்கு இவர் ஒரே பிள்ளை. மருமகள் தனியாக இருக்கிறாள் என்று ஒரு டிரங்குப் பெட்டியோடு ரயிலேறி வந்துவிட்டார். அத்தைக்கு ஹிந்தி ஒரு சொல் தெரியாது. ஆனால் தள்ளுவண்டிக்காரன் எடையில் ஏமாற்றினால் நெல்லைத் தமிழில் அவனைப் பிடித்து நிறுத்திவிடுவார். அவனும் "அச்சா மாஜி, அச்சா" என்று இன்னும் இரண்டு உருளைக்கிழங்கை எடுத்துப் போடுவான். குளிர்காலத்தில் புடவைக்கு மேல் மகனுடைய கடற்படை ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு, காலுறை போட்ட காலைச் செருப்புக்குள் திணித்துக்கொண்டு, வாசலில் வெயில் காய்வார்.

என் அதிகாரி ஒரு கமாண்டர். வடக்கத்தியர், அழகாக ஆங்கிலம் பேசுவார், யாரிடமும் குரலை உயர்த்தமாட்டார். தெற்கே எங்கோ அமையவிருந்த ஒரு ரேடியோ நிலையத்துக்கான வேலை அவர் பொறுப்பில் இருந்தது. நீரில் மூழ்கியிருக்கும் கப்பலுக்குச் சேதி அனுப்புகிற நிலையம். அவர் சொல்லச் சொல்ல எழுதி, தட்டச்சு செய்து, அந்த விஷயமே எனக்கு மனப்பாடம். சாதாரண ரேடியோ அலை கடல்நீரில் இறங்காது, மேலேயே செத்துவிடும். மிக மிக நீண்ட அலையாக இருந்தால் கொஞ்ச ஆழம் வரை இறங்கும். அதற்கு வானளாவிய கம்பங்கள் வேண்டும், பரந்த நிலம் வேண்டும். நம்மிடம் அப்படி ஒரு நிலையம் அப்போது இல்லை. ஆகவே நம் கப்பல்கள் குறித்த வேளையில் கடல்மட்டத்துக்குச் சற்றுக் கீழே வரை ஏறிவந்து, ஏரியலை மட்டும் வெளியே நீட்டி, கரையிலிருந்து வருவதைக் கேட்டுக்கொண்டு மறுபடி இறங்கிவிடும். பழைய முறையோ புதிய முறையோ, ஒரு விஷயம் மாறாது. கரை பேசும், கப்பல் கேட்கும். கப்பல் பதில் பேசாது. பேசினால் இருக்கும் இடம் எதிரிக்குத் தெரிந்துவிடும்.

இதில் ரகசியமான எதையும் நான் வீட்டில் சொன்னதில்லை. ஆனால் என் அலுவலகத்துக்கும் கப்பலுக்கும் ஏதோ தொடர்பு இருக்கிறது என்பது அத்தைக்குத் தெரியும். அவர் அதை ஒரு டெலிபோன் மாதிரி நினைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னைக்கு அவன்கிட்ட பேசுனாவளா ஒங்க ஆபீஸ்ல?" என்று கேட்பார்.

"அப்படியெல்லாம் பேசமாட்டாங்க அத்தை."

"பின்ன என்னத்துக்குட்டி அம்புட்டுப் பேரு ஒக்காந்திருக்காவ?"

அந்த ஜனவரியில் அத்தைக்கு நெஞ்சுச் சளி பிடித்தது. கஷாயம் வைத்துக் குடித்தார், இறங்கவில்லை. மூச்சு வாங்க ஆரம்பித்ததும் ரிங் ரோடு பக்கம் இருந்த சர்க்கார் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். சளியோடு இதயமும் பலவீனமாக இருக்கிறது, மகன் இருந்தால் வரச்சொல்லுங்கள் என்று டாக்டர் ஹிந்தியில் சொன்னார். அத்தை என் முகத்தைப் பார்த்தார். மொழி தெரியாவிட்டாலும் சொன்னது அவருக்குப் புரிந்துவிட்டது.

"அவனுக்குச் சொல்லச் சொல்லுட்டி. அவன் இப்ப வர முடியாது, எனக்குத் தெரியும். தெரிஞ்சாப் போதும்" என்றார்.

மறுநாள் காலையில் கமாண்டர் அறைக்குப் போனேன். அதுவரை சொந்த விஷயமாக அவரிடம் நான் எதையும் கேட்டதில்லை. நிலைமையைச் சொல்லி, என் கணவருக்கு ஒரு வரி அனுப்ப முடியுமா என்று கேட்டேன். அவர் எழுந்து வந்து என்னை நாற்காலியில் உட்காரச் சொன்னார். டீ வரவழைத்தார். "மேடம், நாம் எல்லாரும் ஒரே குடும்பம். நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். அன்று மாலை நான் கிளம்பும்போது அவரே வெளியே வந்து, "சேதி போய்விட்டது" என்றார்.

அழுகையை அடக்கிக்கொண்டு அவருக்கு நன்றி சொன்னேன். அந்த நன்றியைத் திருப்பி வாங்க வழியிருந்தால் இன்றைக்கும் வாங்கிவிடுவேன்.

நேராக ஆஸ்பத்திரிக்கு பஸ் பிடித்தேன்.

"சொல்லியாச்சா?"

"சொல்லியாச்சு அத்தை."

"என்ன சொன்னான்?"

"அங்கேர்ந்து பதில் சொல்ல முடியாது அத்தை. கேட்க மட்டும்தான் முடியும்."

அத்தை என் பக்கம் திரும்பினார். "அப்ப அவன் காதுல விழுந்துச்சுன்னு ஒனக்கு எப்படித் தெரியும்?"

இத்தனை நாள் பக்கம் பக்கமாக டிக்டேஷன் எடுத்த எனக்கு அந்தக் கேள்வி தோன்றவே இல்லை. "பெரிய ஆபீஸரே சொன்னார் அத்தை. கட்டாயம் உங்க பிள்ளை கேட்டிருப்பார்" என்றேன்.

"பெரியவுக சொன்னா சரிதான்" என்று கண்ணை மூடிக்கொண்டார். அவர் நம்பினார். நான் சொன்னதால் நம்பினார்.

இரண்டொரு நாள் கழித்து, மூச்சு கொஞ்சம் சீராக இருந்த ஒரு மத்தியானம், என் கையைப் பிடித்து இழுத்தார். "ஏட்டி, தப்புப் பண்ணிட்டோம். அவன் அங்ஙன சாப்பிடாமக் கெடப்பான். அவன் வேலை வேற காதை வச்சிக் கேக்குற வேலை. மனசு இதுலயே கெடந்தா எப்படிக் கேப்பான்? இன்னொரு சேதி சொல்லச் சொல்லு. அம்மைக்குத் தேவலைன்னு சொல்லச் சொல்லு."

அத்தைக்குத் தேவலை ஆகவில்லை. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனாலும் நான் மறுபடி கமாண்டரிடம் போனேன். அவர் புன்னகைத்து, "நல்ல தாய். சரி, செய்துவிடலாம்" என்றார். அதையும் அத்தையிடம் போய்ச் சொன்னேன். அன்று சாயங்காலம் அத்தை அரை தம்ளர் கஞ்சி குடித்தார். அதற்கப்புறம் எதுவும் குடிக்கவில்லை. மறுநாள் காலை வார்டில் பெருக்குகிற நேரத்தில் போய்விட்டார்.

கரோல் பாக்கில் கணவருக்கு ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவர் இருந்தார். ஆள் அனுப்பி வரச்சொன்னேன். பிள்ளை வரும்வரை உடலை வைத்திருக்க முடியுமா என்று கேட்டார்.

"எப்ப வருவான்?"

"தெரியாது அத்தான்."

"இப்ப எந்தக் கடல்ல இருக்கான்?"

"தெரியாது."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். நானே கொள்ளி வைக்கிறேன் என்று சொன்னேன். வந்திருந்த பெரியவர்கள் அதைக் காதில் வாங்கியதாகவே காட்டிக்கொள்ளவில்லை. பெண்கள் வாசலோடு நின்றுவிட வேண்டும் என்றார்கள். அத்தையை இரண்டே முறை பார்த்திருந்த அந்த அத்தான் யமுனைக் கரையில் கொள்ளி வைத்தார். அவரைக் குறை சொல்லமாட்டேன், லீவு போட்டுவிட்டு வந்தார், குளிரில் ஈரத்துணியோடு நின்றார். நான் வீட்டைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தேன்.

அத்தை இறந்த செய்தியும் கப்பலுக்குப் போய்விட்டது என்று கமாண்டர் சொன்னார்.

அதற்குப் பிறகு வந்த வாரங்களில் எனக்காக நான் அழுததைவிடக் கணவருக்காக அழுததுதான் அதிகம். எழுபது ஆண்கள் அடைந்து கிடக்கும் இரும்புக் குழாய்க்குள், அழ ஒரு மூலைகூட இல்லாமல், அம்மா போய்விட்டாள் என்று தெரிந்தும் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். சாப்பிட உட்கார்ந்தால் அவர் சாப்பிட்டிருப்பாரா என்று தோன்றும். பாதியில் தட்டை நகர்த்திவிடுவேன்.

குளிர் விட்டு, ஸ்வெட்டர்களை மடித்து வைக்கிற நேரத்தில் அவர் வந்தார். கதவைத் திறந்தேன். தலை மொட்டையாக இருந்தது. விசாகப்பட்டினத்திலேயே கடற்கரையில் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு வந்திருந்தார். குளித்துவிட்டு வந்ததும் தட்டு வைத்தேன். பிறகு நான்தான் கேட்டேன்.

"ஒடம்பு சரியில்லைன்னு சேதி வந்தப்போ எப்படிங்க தாங்கினீங்க?"

"எந்தச் சேதி?" என்றார்.

"அத்தை ஆஸ்பத்திரியில இருக்காங்கன்னு. அப்புறம் தேவலைன்னு. அப்புறம் போயிட்டாங்கன்னு."

"எனக்கு ஒண்ணும் வரல. கப்பல் கரையில கட்டுனதுக்கப்புறம் கேப்டன் ரூமுக்குக் கூப்பிட்டார். அப்பத்தான் சொன்னார்."

 அனுப்பவே இல்லையா என்று கேட்டேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். அனுப்பினார்கள். ஒரே ஒரு சேதி, அம்மா இறந்துவிட்டாள் என்று. துறைமுகம் திரும்பிய பிறகுதான் ஆளிடம் சொல்ல வேண்டும் என்ற குறிப்பும் அதிலேயே இருந்தது. கேப்டன் அதைக் காட்டினார். மேலே நேரம் போட்டிருந்தது. அந்த நேரத்தில் ரேடியோ முன்னால் உட்கார்ந்திருந்தது என் கணவர்தான், அது அவருடைய வாட்ச்.

"நான்தான் எழுதி எடுத்திருக்கேன்" என்றார். "சங்கேதத்துல அஞ்சஞ்சு எழுத்தா வரும். எங்களுக்கு அது என்னன்னு தெரியாது. காதுல விழறதை அப்படியே எழுதி ஆபீஸர்கிட்ட குடுத்துருவோம். அவருதான் கதவைச் சாத்திக்கிட்டு அதைப் பிரிச்சுப் படிப்பாரு. என் கையெழுத்துலதான் இருக்கு. ஒரு எழுத்துகூட விடாம எடுத்திருக்கேன்."

அவர் அதைச் சொன்ன விதத்தை என்னால் எழுத முடியாது. அழவில்லை. வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு, "அன்னைக்கு ஸ்பீக்கர்ல கிரிக்கெட் ஸ்கோர் சொன்னாங்க. அதுவும் அதே நேரத்துல வந்ததுதான். எல்லாரும் கைதட்டினோம். நானும் தட்டினேன்" என்றார்.

மறுநாள் நான் கமாண்டர் அறைக்குள் அனுமதி கேட்காமல் நுழைந்தேன். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை.

"சேதி போய்விட்டது என்று சொன்னீர்களே சார். அவரிடம் யாரும் சொல்லவில்லை."

அவருக்கு ஆச்சரியமே இல்லை. "மேடம், நீங்களும் இங்கேதான் வேலை செய்கிறீர்கள். தண்ணீருக்கு அடியில் இருக்கிறவனுக்கு அந்தச் செய்தியை வைத்து என்ன செய்ய முடியும்? நீந்தி வருவானா? எழுபது பேர் உயிர் அதில் இருக்கிறது. கெட்ட செய்தியைக் கரையில்தான் சொல்வோம். அதுதான் வழக்கம்."

"அப்படியானால் அதை என்னிடம் சொல்லியிருக்கலாம்."

"நீங்கள் கலங்கிப் போயிருந்தீர்கள். உங்களுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று சொன்னேன். தவிர, நான் பொய் சொல்லவில்லை. கடைசியில் சேதியை அனுப்பினோம். அவரிடம் கொடுப்பார்கள் என்று நான் சொல்லவில்லையே."

"தேவலை என்று ஒன்று அனுப்பச் சொன்னேனே?"

"அதை எப்படி அனுப்ப முடியும்? அது உண்மையில்லையே. நாங்கள் பொய்த் தகவல் அனுப்புவதில்லை, மேடம்."

இந்த வாக்கியத்தை அவர் சாந்தமாக, ஒரு பள்ளிக்கூட வாத்தியார் விளக்குகிற தொனியில் சொன்னார். சாகக் கிடந்தவளுக்கு என் வாயாலேயே பொய்யை ஊட்டியவர், கடலுக்குள் பொய் போகக்கூடாது என்கிறார். அவருடைய வழக்கத்தின் மேல் எனக்குக் கோபமில்லை, அதில் நியாயம் இருக்கலாம். எழுபது பேரில் ஒருவருடைய மனம் உடைந்தால் என்ன ஆகும் என்று எனக்கும் யோசிக்கத் தெரியும். முடியாது என்று அவர் சொல்லியிருந்தால், நான் அத்தையிடம் போய் முடியாதாம் என்று சொல்லியிருப்பேன். அத்தை அந்த ஆபீஸைத் திட்டித் தீர்த்திருப்பார். திட்டுவதற்கு அவருக்கு உரிமை இருந்தது. அந்த உரிமையைப் பறித்து, அதற்குப் பதிலாக ஒரு தம்ளர் டீயை எனக்குக் கொடுத்து அனுப்பினார்கள். என் கோபம் அதற்காகத்தான்.

நான் அழவில்லை, கத்தவும் இல்லை. வெளியே வந்து டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்தேன். கூட வேலை செய்தவர்கள் பேசாதே, பேசினால் உனக்குத்தான் கஷ்டம் என்றார்கள். வீட்டிலும் அதே கதைதான். என் கணவர் ஒரே வார்த்தை சொன்னார்: "விடு." எனக்கு அவர் மேலும் கோபம் வந்தது.

"உங்க அம்மாங்க. உங்களுக்குக் கோபமே வரலையா?"

"கேப்டன் என்ன பண்ணுவாரு, ஆர்டர். எல்லாருக்கும் அப்படித்தான். போன தடவை ஒருத்தனோட கொழந்த செத்ததையும் இப்படித்தான்."

"எல்லாருக்கும் அப்படின்னா சரியாயிடுமா?"

அவர் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார். லீவு முடிந்து ரயிலேறும் வரை நாங்கள் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை.

அவர் போன பிறகு ஒருநாள் கமாண்டர் டிக்டேஷனுக்குக் கூப்பிட்டார். வழக்கம்போல அந்தப் புதிய நிலையம் ஏன் வேண்டும் என்று மேலிடத்துக்கு எழுதுகிற நீண்ட குறிப்பு. கம்பங்கள், நிலம், மின்சாரம் என்று சொல்லிக்கொண்டே வந்தார். கடைசியில், இந்த நிலையம் வந்தால் குடும்பத்தாரின் சேதிகளைக் கப்பலில் இருப்பவர்களுக்குத் தவறாமல் சேர்ப்பிக்கலாம், அது மாலுமிகளின் மனஉறுதியை வளர்க்கும் என்று ஒரு பத்தி சொன்னார்.

நான் பென்சிலை மேஜை மேல் வைத்தேன்.

"என்ன மேடம்?"

"இந்தப் பத்தியை நான் எழுதமாட்டேன் சார்."

"ஏன்?"

"அது பொய்த் தகவல்."

அப்போதும் அவர் குரலை உயர்த்தவில்லை. முகம் மட்டும் சிவந்தது. வெளியே போகச் சொன்னார். அந்தப் பத்தியை வேறொரு ஸ்டெனோ தட்டச்சு செய்தாள். எனக்கு ஒரு மெமோ வந்தது. அடுத்த மாதமே ஊருக்கு வெளியே இருந்த ஒரு ஸ்டோர்ஸ் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே டிக்டேஷன் எடுக்க ஒன்றும் கிடையாது. இரண்டு பஸ் மாறிப் போய், பழைய கயிறும் பெயிண்ட் டின்னும் வருவதையும் போவதையும் எழுதிக்கொண்டிருந்தேன். பதவி உயர்வு என்னைத் தாண்டிப் போனது. எனக்கு அதில் வருத்தமில்லை. வாழ்க்கையில் சரியாக நான் செய்த சில காரியங்களில் அந்தப் பென்சிலை வைத்ததும் ஒன்று.

என் கணவர் ஒப்பந்தக் காலம் முடிந்ததும் கடற்படையிலிருந்து வெளியே வந்து, தில்லியில் ஒரு சர்க்கார் துறையில் வேலைக்குச் சேர்ந்தார். கிட்வாய் நகரில் கொஞ்சம் பெரிய வீடு கிடைத்துக் குடிபோனோம். ஒரு பெண் பிறந்தாள். வருஷா வருஷம் அவர் அம்மாவுக்குத் திதி கொடுப்பார், நான் சமைப்பேன். அந்தக் கப்பலைப் பற்றி மட்டும் அவர் பேசமாட்டார். பக்கத்து வீட்டில் ரேடியோவை அலைவரிசை மாற்றித் திருகும்போது கீச்சென்று சத்தம் வந்தால் எழுந்துபோய்விடுவார். அவர் மனசில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. கேட்டுக் கேட்டு நானும் விட்டுவிட்டேன்.

எண்பதுகள் முடியப்போகிற சமயம். தெற்கே அந்த நிலையத்தின் கம்பங்கள் நின்றுவிட்டன என்று ஊரிலிருந்து வந்தவர்கள் சொன்னார்கள். பஸ்ஸில் போகும்போது வெகுதூரத்திலிருந்தே தெரிகிறதாம். அந்த நாட்களில் ஒரு மாலை, நான் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தபோது ஒரு கார் வந்து நின்றது. கண்ணாடியை இறக்கியவர் கமாண்டர். இப்போது கமாண்டர் இல்லை, அதற்கு மேலே எங்கேயோ போய்விட்டிருந்தார். தலை நரைத்திருந்தது.

"மேடம், அடையாளம் தெரிகிறதா? எங்கே போக வேண்டும், ஏறுங்கள், விட்டுவிடுகிறேன்" என்றார்.

"வேண்டாம் சார்."

"நம் நிலையம் வந்துவிட்டது தெரியுமா? எத்தனை பக்கம் நீங்கள் டைப் அடித்திருக்கிறீர்கள். அதில் உங்களுக்கும் பங்கு இருக்கிறது."

நான் பஸ் வருகிற திசையைப் பார்த்தேன். அவர் சிரித்தபடி, "இன்னும் என் மேல் கோபமா?" என்று கேட்டார், ஏதோ விளையாட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்ட குழந்தையைக் கேட்பதுபோல.

"ஆமாம் சார்" என்றேன். "இருக்கிறது."

அவருடைய சிரிப்பு நின்றது. ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் என் பஸ் வந்துவிட்டது. ஏறிவிட்டேன். கூட்டத்தில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வந்தேன்.  இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய், திரும்பி நடந்து வந்தேன்.

வீட்டில் என் கணவர் அடுப்படியில் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தார். பையைக்கூட இறக்காமல் வாசற்படியில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கார், நரைத்த தலை, உங்களுக்கும் பங்கு இருக்கிறது என்றது, கோபமா என்று சிரித்துக்கொண்டே கேட்டது. வழக்கம்போல விடு என்பார் என்று எதிர்பார்த்தேன்.

அவர் அடுப்பை அணைத்தார். கரண்டியைக் கீழே வைத்தார். "சிரிச்சானா?" என்றார்.

"ஆமா."

"செத்த பய" என்று ஆரம்பித்து, அவருடைய ஊர்த் தமிழில், நான் அவர் வாயிலிருந்து ஒருநாளும் கேட்டிராத வார்த்தைகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். இங்கே எழுதக்கூடிய வார்த்தைகள் இல்லை. அடுத்த அறையில் பாடம் எழுதிக்கொண்டிருந்த எங்கள் பெண் பயந்துபோய் எட்டிப் பார்த்தாள். அவருக்கு அவள் நின்றது தெரியவில்லை. மூச்சு வாங்கச் சொல்லிக்கொண்டே இருந்தார். இடையில் அம்மை, அம்மை என்று இரண்டு தடவை வந்தது.  பெண்ணை அழைத்துப்போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, அவர் முடிக்கும்வரை அங்கேயே நின்று கேட்டேன்.